நிற்காத ஸ்டோரேஜும் ஓயாத அலர்ட்டும்

பல சர்வர்களின் தகவலைச் சேர்த்து வைக்கும் ஸ்டோரேஜ் சிஸ்டங்களுக்கு “டவுன்டைம் (சேவை நிற்கும் நேரம்) இல்லாத அப்கிரேடு” என்று விற்பனைக்காரர்களின் பிரசன்டேஷனில் எங்கே பார்த்தாலும் எனக்கு முதலில் எழும் கேள்வி, யாருக்கு டவுன்டைம் இல்லை என்பதுதான். மேலே அப்ளிகேஷன் பயன்படுத்துகிறவர்களுக்கு இல்லை, சரி. ஆனால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு பாகமும் ஒரு தடவையாவது நின்று கிளம்பியாக வேண்டும். பழைய மென்பொருளை நிறுத்தாமல் அந்த இடத்தில் புதியதை ஓட்ட வழி கிடையாது. எல்லாம் ஒரே நேரத்தில் நிற்காமல், ஒன்றன்பின் ஒன்றாக, மற்றவை சமாளிக்கிற அவகாசத்துக்குள் நின்று எழும்படி பார்த்துக்கொள்வதற்குத்தான் இந்தப் பெயர்.

அப்படியானால் அப்கிரேடு நடக்கிற அந்த இரவு முழுக்கக் கண்காணிப்பு சிஸ்டம் கத்திக்கொண்டே இருக்கும், இருக்கவும் வேண்டும். டிஸ்க் விழுந்தது என்று அது சொன்னால் டிஸ்க் நிஜமாகவே விழுந்திருக்கிறது. நாம்தான் விழ வைத்தோம் என்பது அதற்குத் தெரியாது. நாம் விழ வைத்ததையும் அதே நேரத்தில் தானாக விழுந்ததையும் பிரித்துப் பார்ப்பதுதான் அன்றைக்கு உண்மையான வேலை. கமாண்டைத் தட்டுவது அதில் பாதிகூட இல்லை. ஆனால் சேஞ்ச் பிளான் என்று எழுதி ஒப்புதலுக்கு அனுப்புகிறார்களே, அதை எடுத்துப் பாருங்கள். கமாண்டுகள் பக்கம் பக்கமாக இருக்கும், யார் யாருக்கு மெயில் போக வேண்டும் என்பது ஒரு பக்கம் இருக்கும், அலர்ட்டைப் பற்றி மட்டும் ஒரே ஒரு வரி: “வேலை முடியும்வரை அலர்ட்டுகள் நிறுத்தி வைக்கப்படும்.” இந்த வரிமேல் எனக்குப் பல வருஷக் கோபம்.

முதலில் இரண்டு கண்ட்ரோலர் (டிஸ்க்குகளை இயக்கும் கணினி) வைத்த பழைய பாணி ஸ்டோரேஜ் பெட்டிகளைப் பார்த்துவிடலாம், அவற்றில் விஷயம் எளிது. நெட்ஆப் நிறுவனத்தின் பெட்டி மாதிரி சிஸ்டங்களில் ஜோடியில் ஒன்று நிற்கும் முன் அதன் டிஸ்க்குகளையும் வேலையையும் மற்றது எடுத்துக்கொள்ளும். முதலாவது புது மென்பொருளோடு எழுந்தபின் திருப்பிக் கொடுக்கும். அப்புறம் இடம் மாற்றி அதையே இன்னொரு முறை. கோயிலில் திருப்பணி நடக்கும்போது பாலாலயம் செய்து சாமியைத் தற்காலிக இடத்தில் எழுந்தருளச் செய்து, பூஜை நிற்காமல் மூலஸ்தானத்தில் வேலை பார்ப்பார்களே, கிட்டத்தட்ட அதேதான்.

இந்தக் கைமாற்றம் நடக்கிற சில விநாடிகளை யார் பொறுத்துக்கொள்கிறார்கள் என்பதைப் பெட்டி தீர்மானிப்பதில்லை, எதிர்முனையில் இருக்கும் சர்வர்தான் தீர்மானிக்கிறது. லினக்ஸில் ஒரு டிஸ்க் பதில் சொல்ல வழக்கமாகக் காத்திருக்கும் நேரம் 30 விநாடி. ஒரே சர்வரில் பல வர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் விஎம்வேரில், அந்த மெஷின்களுக்குள் விஎம்வேர் டூல்ஸ் போட்டால் அது 180 விநாடியாகிவிடும், காரணமே இந்தக் கைமாற்றம் மாதிரியான இடைவெளிகள்தான். நெட்வொர்க் வழியே ஃபைல் பகிரும் என்எஃப்எஸ்ஸை ஹார்ட் மவுண்ட் என்ற விடாப்பிடி முறையில் இணைத்திருந்தால் எவ்வளவு நேரம் ஆனாலும் பொறுமையாக நிற்கும். விண்டோஸ் பக்கம் ஃபைல் பகிரும் எஸ்எம்பி முறையின் பழைய பதிப்புகளில் செஷன் அறுந்துவிடும். எஸ்எம்பி 3-ல் தொடர்ச்சிக்கென்று தனியாக அமைத்த ஷேர்கள்தான் தாங்கும்.

இதையெல்லாம்விட அதிகம் அடி கொடுப்பது ஒற்றைப் பாதை. சர்வரிலிருந்து ஸ்டோரேஜுக்கு இரண்டு பாதை இருக்க வேண்டும், ஒன்று எப்போதோ செத்துப்போயிருக்கும், கேபிளோ ஸ்விட்ச் போர்ட்டோ ஏதோ ஒன்று, அது செத்த அன்றைக்கு வந்த அலர்ட்டை யாரோ மூடிவிட்டுப் போயிருப்பார்கள், இன்னொரு பாதையில் எல்லாம் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் உறுத்தவில்லை. அப்கிரேடு அன்றைக்குச் சரியாக அந்த உயிரோடு இருக்கும் பக்கத்துக் கண்ட்ரோலர் முதலில் நிற்கும். டேட்டாபேஸின் ஃபைல் சிஸ்டம் படிக்க மட்டும் என்று மாறிக்கொள்ளும், போன் அடிக்க ஆரம்பிக்கும், “ஸ்டோரேஜ் டீம் அப்கிரேடு செய்தார்கள், சர்வர் போய்விட்டது” என்று ரிப்போர்ட்டில் ஏறும். அந்தப் பழைய அலர்ட்டை மூடியவர் பெயர் எந்த ரிப்போர்ட்டிலும் இருக்காது. அதனால்தான் சொல்கிறேன், அப்கிரேடுக்கு முன்னால் ஒவ்வொரு சர்வரிலும் இரண்டு பாதையும் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது ஸ்டோரேஜ்காரர் வேலை இல்லை என்று சொல்கிற இடத்தில்கூட அதை ஸ்டோரேஜ்காரர்தான் செய்ய வேண்டும்.

நெட்ஆப்பில் எனக்குப் பிடித்த ஒரு சின்ன ஏற்பாடு உண்டு. பெட்டி தன் நிலைமையைத் தயாரிப்பாளருக்குத் தானாகவே அனுப்பிக்கொண்டிருக்கும், ஏதாவது கோளாறு என்றால் அங்கே தானாகவே கேஸ் திறந்துகொள்ளும். வேலை தொடங்கும் முன் “பராமரிப்பு, 2 மணி நேரம்” என்ற பொருளில் ஒரு செய்தியை நாமே அனுப்ப வேண்டும்; அந்த நேரம்வரை கேஸ் திறக்காது. சீக்கிரம் முடிந்துவிட்டால் “முடிந்தது” என்று இன்னொன்று. கவனியுங்கள், பெட்டி அனுப்புவதை நிறுத்துவதில்லை. தகவல் போய்க்கொண்டேதான் இருக்கும், அதன்மேல் ஆள் எழுப்புவதைத்தான் ஒரு கெடு வைத்து நிறுத்துகிறோம். யார் சொன்னார்கள், எவ்வளவு நேரத்துக்கு என்பதும் பதிவில் நிற்கிறது.

இப்போது செஃப். கடந்த பல வருஷமாக என் கை அதிகம் புழங்குவது இதில்தான். கலிபோர்னியாவில் சான்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில் சேஜ் வைல் செய்த முனைவர் பட்ட ஆராய்ச்சியில் தொடங்கிய ஓப்பன் சோர்ஸ் ஸ்டோரேஜ் மென்பொருள். சாதாரண சர்வர்களையும் டிஸ்க்குகளையும் சேர்த்து ஒரே பெரிய ஸ்டோரேஜாக ஆக்கிவிடும்; அந்தத் தொகுப்புக்கு கிளஸ்டர் என்று பெயர். ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் கணவாய், ஆக்டோபஸ் வகையறாவைத் தொட்டு ஆங்கில அகரவரிசையில் பெயர் வைப்பார்கள்: 2019-ல் நாட்டிலஸ், 2020-ல் ஆக்டோபஸ், அப்புறம் பசிபிக், குயின்சி, 2023-ல் ரீஃப், 2024-ல் ஸ்குவிட். ஒரே தாவலில் அதிகபட்சம் இரண்டு பதிப்பு தாண்டலாம், அதற்கு மேல் கூடாது. முன்னால் போகலாம், பெரிய பதிப்பில் பின்னால் திரும்ப முடியாது.

இதில் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஓஎஸ்டி என்று ஒரு புரோகிராம் ஓடும் (நம் அரசு அலுவலகங்களில் சிறப்புப் பணி என்று உட்கார்த்தி வைக்கும் ஓஎஸ்டி இல்லை, இவர் நிஜமாகவே வேலை செய்கிறவர்). வழக்கமான அமைப்பில் ஒவ்வொரு தகவலுக்கும் மூன்று பிரதி, மூன்றும் வேறு வேறு சர்வரில். குறைந்தது இரண்டு பிரதி எழுந்து நின்றால் படிக்கலாம், எழுதலாம்; ஒன்றாகக் குறைந்தால் அந்தத் தகவல் உள்ள பகுதி அப்படியே நின்று காத்திருக்கும். ஆக, ஒரு சர்வரை மொத்தமாக நிறுத்தலாம். அது திரும்பி வந்ததும், இல்லாத நேரத்தில் மாறியவற்றை மட்டும் லாக் என்ற பதிவேட்டைப் பார்த்து வாங்கிக்கொள்ளும், டிஸ்க் முழுக்க மறுபடி நகலெடுக்க வேண்டியதில்லை. டவுன்டைம் இல்லாத அப்கிரேடின் மொத்த ரகசியமும் இவ்வளவுதான். இரண்டாவது சர்வர் அதே நேரத்தில் தானாக விழுந்தால்தான் கதை மாறும்.

வரிசை முக்கியம். செஃப்அட்ம் என்ற நிர்வாகக் கருவியின் வழியில் முதலில் மேனேஜர் (நிலவர எண்களைத் திரட்டித் தரும் புரோகிராம்), அப்புறம் மானிட்டர்கள் (கிளஸ்டரில் யார் இருக்கிறார்கள், இல்லை என்ற கணக்கை வைத்திருப்பவை), அப்புறம் ஓஎஸ்டிகள், அப்புறம்தான் ஃபைல் சிஸ்டத்தின் ஃபைல் பெயர்க் கணக்கைப் பார்க்கும் எம்டிஎஸ்ஸும், அமேசானின் எஸ்3 முறையில் தகவல் கேட்பவர்களுக்கான வாசலும். ஆக்டோபஸ் பதிப்பில் வந்த செஃப்அட்ம் இதையெல்லாம் ஒரே கமாண்டில் தானாகச் செய்துவிடும். ஒவ்வொரு ஓஎஸ்டியையும் தொடும் முன் “இதை நிறுத்தினால் எந்தப் பகுதியாவது நின்றுபோகுமா” என்று கிளஸ்டரையே கேட்டுக்கொண்டு, சரி என்றால்தான் நிறுத்தும். மானிட்டர்கள் பெரும்பான்மை இருந்தால் போதும், மூன்றில் ஒன்று, ஐந்தில் இரண்டு இல்லாமல் ஓட்டலாம். ஃபைல் சிஸ்டம் பயன்படுத்துகிறவர்கள் மட்டும் எம்டிஎஸ் மாறும் சமயத்தில் சில விநாடி தயக்கத்தை உணர்வார்கள், அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

தொடங்கும் முன் நான் பார்ப்பது இடம். 85 சதவீதத்தில் முதல் எச்சரிக்கை, 90-ல் அந்த டிஸ்க்குக்குள் பிரதிகளை நகர்த்துவது நிற்கும், 95-ல் எழுதுவதே நிற்கும். நாலு சர்வர் கிளஸ்டர் 70 சதவீதம் நிரம்பியிருக்கிறது என்று வையுங்கள். பார்க்கப் பச்சையாக, வசதியாகத் தெரியும். அப்கிரேடில் ஒரு சர்வர் திரும்பி எழவே இல்லை என்றால் அதன் பங்கும் மீதி மூன்றில்தான் உட்கார வேண்டும், கணக்குப் போட்டால் 93 சதவீதம் வருகிறது. பாதியில் முட்டி நிற்கும். இந்தக் கணக்கைப் போடாமல் யாரும் மெயின்டனன்ஸ் விண்டோ (பராமரிப்புக்கென்று ஒதுக்கும் நேரம்) வாங்கக் கூடாது. இன்னொன்று, கிளஸ்டர் ஏற்கெனவே மஞ்சளில் இருந்தால் நான் தொடங்க மாட்டேன். “அது எப்பவும் இருக்கிற வார்னிங்தான்” என்ற பேச்சு வந்தால் அந்த எப்பவும் இருக்கிற வார்னிங்கை முதலில் தீர்த்துவிட்டு வாருங்கள் என்பேன். இதனால் எனக்குக் கெட்ட பெயரும் உண்டு.

சரி, மஞ்சள். செஃப் தன் உடல்நிலையை மூன்று நிறமாகச் சொல்லும், ஓகே, வார்னிங், எர்ரர். ஓஎஸ்டி விழுந்து 10 நிமிடம் திரும்பவில்லை என்றால் அது போய்ச் சேர்ந்துவிட்டதாக முடிவு கட்டி மற்ற டிஸ்க்குகளில் புதிதாகப் பிரதி எடுக்க ஆரம்பித்துவிடும். நல்ல குணம்தான், ஆனால் சர்வர் ரீபூட் ஆகி எழ 12 நிமிடம் ஆகிறது என்றால் வேண்டாத வேலையாக டெராபைட் கணக்கில் நகர்ந்துகொண்டிருக்கும். அதனால் கையால் அப்கிரேடு செய்கிறவர்கள் முதலில் நோ-அவுட் என்ற கொடியைப் போடுவார்கள், விழுந்தாலும் வெளியேற்றாதே என்று. சிக்கல் என்னவென்றால், அந்தக் கொடி போட்டிருக்கிறது என்பதே ஒரு வார்னிங். போட்ட நிமிடத்திலிருந்து எடுக்கும்வரை கிளஸ்டர் மஞ்சள். இப்போது வேறு ஒரு சர்வரில் வேறு ஒரு டிஸ்க் நிஜமாகவே சாகிறது. அதுவும் மஞ்சள்தான். மஞ்சளோடு மஞ்சள் சேர்ந்தால் நிறம் மாறாது. நிறம் மாறினால் மட்டும் போன் அடிக்கும்படி அமைத்திருந்தால் அந்த இரவு முழுக்கக் கண்காணிப்பு குருடு. நிறையப் பேர் அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள்.

இதற்கு நான் செய்வது, கொடியை மொத்த கிளஸ்டருக்கும் போடாமல் அந்த நேரத்தில் கை வைக்கிற சர்வருக்கு மட்டும் போடுவது (அதற்கு வசதி இருக்கிறது, செஃப்அட்மில் ஒரு சர்வரைப் பராமரிப்பு நிலைக்குக் கொண்டுபோனால் அதுவே போட்டுக்கொள்ளும்), நிறத்தை விட்டுவிட்டு வார்னிங்கின் பெயர்களைப் படிப்பது. ஓஎஸ்டி விழுந்தது, பிரதிகள் குறைவு, ஒரு மானிட்டர் இல்லை, இவை மூன்றும் எதிர்பார்த்த விருந்தாளிகள். ஒரு பகுதி எட்டாமல் இருக்கிறது என்ற வார்னிங் ஓஎஸ்டி நின்று எழும்போது ஓரிரு விநாடி வந்து போகும். போகாமல் உட்கார்ந்துவிட்டால் அங்கேயே அப்கிரேடைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டும். 30 விநாடி தாண்டியும் முடியாத கோரிக்கைகள் பற்றிய வார்னிங் வந்தாலும் அப்படியே. பழுதான பிரதி, இடம் நிரம்பல், மானிட்டர்களின் கடிகாரம் ஒன்றுக்கொன்று 0.05 விநாடிக்கு மேல் விலகல், இந்த மூன்றையும் எந்த மெயின்டனன்ஸ் விண்டோவிலும் எதற்காகவும் மூடக் கூடாது.

ம்யூட் என்ற வசதி செஃப்பில் ஆக்டோபஸ் பதிப்பில் வந்தது. யார் வடிவமைத்தார்களோ, அலர்ட்டில் தூக்கம் கெட்டவர்கள் என்று நினைக்கிறேன். “அந்தப் பெயருள்ள வார்னிங்கை 1 மணி நேரம் ம்யூட் செய்” என்று சொல்லலாம். ஒரு ஓஎஸ்டி விழுந்த நிலையில் ம்யூட் போட்டிருக்கிறீர்கள், இரண்டாவது ஒன்று விழுகிறது. ம்யூட் தானாகக் கழன்று வார்னிங் திரும்ப வந்துவிடும். நீங்கள் ஒப்புக்கொண்டது ஒன்றுக்குத்தானே, இரண்டுக்கு இல்லையே என்று கேட்கிற மாதிரி. பிரச்சினை தீர்ந்தாலும் ம்யூட் கழன்றுவிடும், அடுத்த தடவை வரும்போது புதிதாகச் சத்தம் கேட்கும். இரண்டும் வேண்டாம், கெடு முடியும்வரை ஒட்டியே இருக்கட்டும் என்றால் ஸ்டிக்கி என்று தனியாகச் சொல்ல வேண்டும். ஸ்டிக்கி போடுவதைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வரும். பன்னிரண்டு டிஸ்க் உள்ள சர்வரில் ஓஎஸ்டிகளை ஒவ்வொன்றாக நிறுத்தும்போது ம்யூட் கழன்று கழன்று தொல்லை தருகிறது என்பார்கள். தரட்டும், ஒவ்வொரு கழற்றலும் அந்தக் கணத்தில் ஒரு எண்ணிக்கையைச் சரிபார்க்கச் சொல்கிறது.

செஃப்புக்கு வெளியே, எண்களைச் சேகரித்து அலர்ட் விதிகளோடு ஒப்பிடும் புரோமீதியஸும், அந்த அலர்ட்டுகளை ஆட்களுக்கு அனுப்பும் அலர்ட்மேனேஜரும் இருக்கும். அங்கே ம்யூட்டுக்கு சைலன்ஸ் என்று பெயர், அதற்கும் முடிவு நேரம் இல்லாமல் போட முடியாது, நல்லது. ஒரு சர்வர் விழுந்தால் அந்த சர்வரின் டிஸ்க்குகள், நெட்வொர்க் போர்ட், அதில் ஓடிய மானிட்டர், எதிரே ஸ்விட்ச் போர்ட் என்று ஒரே காரணத்துக்கு இருபது செய்தி வரும். இதைச் சைலன்ஸால் அடக்குவதைவிட இன்ஹிபிட் விதியால் அடக்குவது மேல்: சர்வரே இல்லை என்ற அலர்ட் எரிந்துகொண்டிருந்தால் அதே சர்வர் பெயர் உள்ள சின்ன அலர்ட்டுகளை அனுப்பாதே. ஒரு தடவை ஒழுங்காக எழுதிவிட்டால் அப்கிரேடு நாளுக்கென்று தனியாக எதுவும் செய்ய வேண்டாம், சாதாரண நாளில் பவர் சப்ளை போனாலும் அதுவே உதவும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது, அதை விளக்காமல் விட முடியாது. செஃப் பற்றிய எண்களைப் புரோமீதியஸுக்குக் கொடுப்பது மேனேஜர். அப்கிரேடில் முதலில் நிற்பதும் மேனேஜர்தான். அது நின்று, காத்திருக்கும் இன்னொன்று பொறுப்பேற்கும்வரை எண்கள் வராது. எண் இல்லை என்றால் புரோமீதியஸின் அலர்ட் விதிக்கு ஒப்பிட எதுவும் இல்லை. ஒப்பிட எதுவும் இல்லை என்றால் அலர்ட் தீர்ந்ததாகக் கணக்கு. எரிந்துகொண்டிருந்த எல்லாம் “தீர்ந்தது” என்று ஒவ்வொன்றாகச் செய்தி வரும். திரையைப் பார்த்தால் ஒரே பச்சை. கிளஸ்டர் நலமாக இருப்பதால் பச்சை இல்லை, யாரும் எதுவும் சொல்லாததால் பச்சை. எண்கள் வரவில்லை என்பதற்கே ஒரு அலர்ட் வைத்திருக்க வேண்டும், அதை மட்டும் எந்தச் சைலன்ஸும் தொடக் கூடாது. அதற்கும் மேலே, எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும்படி ஒரு வாட்ச்டாக் அலர்ட்டை வைத்து, அது வருவது நின்றால் வெளியிலிருந்து வேறொரு சேவை போன் அடிக்கும்படி செய்வார்கள். புரோமீதியஸ், அலர்ட்மேனேஜர் கண்டெய்னர்களைக்கூட செஃப்அட்ம் நிர்வகிக்கிறது என்றால் கண்காணிக்கிறவரே கண்காணிக்கப்படுகிறவர் வீட்டில் குடியிருக்கிறார், அப்போது அந்த வெளி ஆள் கட்டாயம்.

அலர்ட் வெள்ளம் என்பது நம் துறை கண்டுபிடித்ததில்லை. 1994 ஜூலை 24 அன்று வேல்ஸில் மில்ஃபோர்ட் ஹேவனில் இருந்த டெக்சகோ எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வெடிப்பு நடந்தது. காலையில் இடி மின்னலில் தொடங்கிய கோளாறு, சுமார் ஐந்து மணி நேரம் இழுத்துக்கொண்டே போயிருக்கிறது. வெடிப்புக்கு முந்தைய கடைசி 11 நிமிடத்தில் அங்கிருந்த இரண்டு ஆபரேட்டர்கள்முன் வந்த அலாரங்கள் 275 என்று பிரிட்டிஷ் அரசின் பாதுகாப்பு அமைப்பு நடத்திய விசாரணை சொல்லியது. இரண்டு மனிதர்கள், 11 நிமிடம், 275. படித்துப் புரிந்துகொள்ளவே முடியாது, முடிவெடுப்பது எங்கே. அதன் பிறகு 1999-ல் பிரிட்டனில் வந்த அலாரம் வழிகாட்டி, சாதாரண நேரத்தில் ஒரு ஆபரேட்டருக்குப் பத்து நிமிடத்துக்கு ஒன்றுக்கு மேல் வராமல் இருப்பதே நல்லது என்ற அளவைச் சொன்னது. உங்கள் குழுவின் அலர்ட் சேனலைத் திறந்து நேற்றைய நாளை அந்த அளவில் வைத்துப் பாருங்கள். பத்து நிமிடத்துக்கு ஒன்று என்பதே ஐடி வேலைக்கு அதிகம் என்பது என் எண்ணம், அந்த ஆபரேட்டருக்கு அதைப் பார்ப்பதுதான் முழுநேர வேலை, நமக்கு இல்லையே.

அப்கிரேடு முடிந்த மறுநாள் இன்னொரு வகை அலர்ட் தொடங்கும், அதைப் பற்றி யாரும் முன்கூட்டி எச்சரிப்பதில்லை. புதுப் பதிப்பு புதிய கண்களோடு வரும். நேற்றுவரை இருந்த அதே நிலைமைக்கு இன்று புதிதாக வார்னிங். நாட்டிலஸுக்கு வந்தவர்களுக்கு, பழைய முறையில் டிஸ்க் கணக்கு வைத்திருக்கிறாய் என்று ஒவ்வொரு பழைய ஓஎஸ்டியையும் சுட்டிக்காட்டி ஒரு வார்னிங், அதைத் தீர்க்க ஒவ்வொன்றையும் நிறுத்திப் பழுது பார்க்க வேண்டும், அதாவது இன்னொரு சுற்று. மானிட்டர்கள் புது நெட்வொர்க் முறைக்கு மாறவில்லை என்று மற்றொன்று. மேலாளர் கேட்பார், “அப்கிரேடுக்கு முன்னாடி பச்சையா இருந்ததே?” என்று. பச்சையாகத்தான் இருந்தது, பார்க்கத் தெரியாததால். இதை விளக்க ரிலீஸ் நோட்ஸைப் படித்து, வரப்போகும் புது வார்னிங்குகளின் பட்டியலை அப்கிரேடுக்கு முன்பே அவரிடம் கொடுத்துவிடுவதுதான் உத்தமம். பின்னால் சொன்னால் சாக்கு மாதிரி இருக்கும்.

ரிலீஸ் நோட்ஸ் என்றதும் பசிபிக்கைச் சொல்லியாக வேண்டும். 2021 மார்ச்சில் வெளிவந்தது. அதே வருஷம் நவம்பர் 1-ல், பழைய பதிப்பிலிருந்து பசிபிக்குக்கு அப்கிரேடு செய்யாதீர்கள் என்று ரிலீஸ் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போட்டார்கள். ஓஎஸ்டிக்குள் இருக்கும் ஓமேப் என்ற தகவலைப் பழைய வடிவத்திலிருந்து புதியதற்கு மாற்றும்போது டேட்டா கெட்டுப்போகும் ஒரு பிழை. கையால் பழுது பார்க்கும் கருவியை ஓட்டினாலோ, ஓஎஸ்டி கிளம்பும்போதே தானாகச் சரிசெய்யும் அமைப்பு இயக்கத்தில் இருந்தாலோ அந்த வடிவ மாற்றம் தொடங்கிவிடும். டிசம்பரில் பசிபிக்கின் 16.2.7 என்ற திருத்தப் பதிப்பில்தான் சரியானது. மூன்று பிரதி இருக்கிறதே என்ற தைரியம் இங்கே உதவாது. மூன்று பிரதி டிஸ்க் சாவதற்கு மருந்து, மூன்று சர்வரிலும் ஒரே பிழையான மென்பொருள் ஓடினால் மூன்றும் ஒரே மாதிரி கெடும். வேகமாக, தடங்கல் இல்லாமல், ஒரே இரவில் முடிந்த அருமையான அப்கிரேடுதான் அங்கே மிக ஆபத்தானது.

அதனால்தான் நான் ஒரே இரவில் முடிக்க விரும்புவதில்லை. மேனேஜர், மானிட்டர்கள், அப்புறம் ஒரே ஒரு சர்வரின் ஓஎஸ்டிகள், அங்கே நிறுத்தம். குயின்சி காலத்திலிருந்து செஃப்அட்மிலேயே இந்த வகை, இந்த சர்வர், இத்தனை மட்டும் என்று பிரித்துச் சொல்ல முடிகிறது. ஒரு நாள் முழுக்க அந்த சர்வர் புதிதாகவும் மற்றவை பழையதாகவும் ஓடட்டும், டீப் ஸ்க்ரப் என்கிற ஆழமான ஒப்பீட்டை அந்த சர்வரின் சில பகுதிகளில் கையால் ஓட்டிப் பாருங்கள், பிரதிகள் ஒத்துப்போகின்றனவா என்று. கலந்த நிலையில் வாரக் கணக்கில் வைப்பது நல்லதில்லை, ஆனால் ஒரு நாள் பொறுக்கும். வேகம் வேண்டும் என்பவர்களுக்கும் நான் சொல்வது, ஒரு குழுவில் இரண்டு பேரை உட்கார வையுங்கள், கமாண்ட் தட்டுகிறவர் ஒருவர், அலர்ட் படிக்கிறவர் இன்னொருவர், படிக்கிறவர் நிறுத்து என்றால் தட்டுகிறவர் காரணம் கேட்காமல் நிறுத்த வேண்டும்.

முடிந்தபின் கூட்டிப் பெருக்கும் வேலை இருக்கிறது. அப்கிரேடு நேரத்தில் பாரம் குறையட்டும் என்று ஸ்க்ரப்பை நிறுத்தும் கொடிகளைப் போட்டிருப்பார்கள், எடுக்க மறந்துவிடுவார்கள். ஆழமான ஒப்பீடு வாரம் ஒரு முறை நடக்க வேண்டியது, நடக்கவில்லை என்று சில நாள் கழித்து நூற்றுக்கணக்கான பகுதிகளின் பெயரோடு வார்னிங் வந்து நிற்கும், அதற்குள் அந்தக் கொடி எதற்கு, யார் போட்டது என்பதே யாருக்கும் நினைவிருக்காது. அப்கிரேடின்போது ஏதாவது ஓஎஸ்டி தடுக்கி விழுந்திருந்தால் கிராஷ் பட்டியலில் இருக்கும், படித்துப் பார்த்துவிட்டுத்தான் ஆர்க்கைவ் செய்ய வேண்டும், வார்னிங் போகட்டும் என்று படிக்காமல் மொத்தமாக ஆர்க்கைவ் செய்வது நிறைய இடத்தில் நடக்கிறது.

கடைசியாகத் தீராமல் நிற்பது எதிர்முனைதான். கிளஸ்டர் முழுக்கப் புதுப் பதிப்பு, ஆனால் அதன்மேல் ஓடும் வர்ச்சுவல் மெஷின்கள் கிளம்பிய நாளில் மெமரியில் ஏற்றிக்கொண்ட பழைய லைப்ரரியோடே ஓடிக்கொண்டிருக்கும், சர்வரில் பேக்கேஜைப் புதுப்பித்தாலும் ஓடுகிற மெஷினுக்கு அது தெரியாது. 2021 ஏப்ரலில் வந்த பாதுகாப்புத் திருத்தத்தில் இது எல்லோருக்கும் உறைத்தது. பழைய கிளையண்டுகள் (ஸ்டோரேஜைப் பயன்படுத்தும் மெஷின்கள்) தங்கள் அடையாள எண்ணைப் பாதுகாப்பில்லாத முறையில் திரும்பப் பெற அனுமதிக்கிறாய் என்று நாட்டிலஸ், ஆக்டோபஸ், பசிபிக் மூன்றிலும் புது வார்னிங். அனுமதியை உடனே மூடினால் வார்னிங் போய்விடும், கூடவே பழைய லைப்ரரியில் ஓடும் மெஷின்களும் தங்கள் அனுமதி டிக்கெட் காலாவதியாகும்போது மறுபடி உள்ளே வர முடியாமல் ஒவ்வொன்றாகத் தொங்கும். டவுன்டைம் இல்லாமல் அப்கிரேடை முடித்துவிட்டு, ஒரு வார்னிங்கை அணைக்கப்போய் டவுன்டைமை வரவழைப்பது இப்படித்தான். ஆவணத்திலேயே ஒரு வாரம் ம்யூட் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார்கள், அந்த ஒரு வாரத்தில் யார் யார் பழைய கிளையண்ட் என்று கூடவே வரும் இன்னொரு வார்னிங் பெயர் சொல்லும். ரீபூட்டுக்கு ஒப்புக்கொள்ளாத உரிமையாளர்கள் இருப்பார்கள், அவர்களோடு சண்டை வேண்டாம். மெஷினை ஓடிக்கொண்டிருக்கும்போதே இடம் மாற்றும் லைவ் மைக்ரேஷனில் பக்கத்து சர்வருக்கு நகர்த்தினால் அங்கே புது லைப்ரரியோடுதான் எழும், உள்ளே இருப்பவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. பட்டியல் காலியானதும் அனுமதியை மூடலாம். இரண்டு வார்னிங்கும் அதோடு போய்விடும்.